படத்துக்குக் கீழே ஒரு சொல்

அந்த மூன்றாவது கோலை நான் பார்க்கவில்லை. செய்தியில் இதை எழுதவில்லை. இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேர்லினில் ஒரு வட்டாரப் பத்திரிகைக்கு ஜெர்மன் மொழியில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். பெரிய பத்திரிகைகள் ஆள் அனுப்பாத ஆட்டங்கள்தான் என் பங்கு. அப்படித்தான் ஒரு மார்ச் மாத ஞாயிறு பிற்பகலில், பெண்கள் ஐஸ் ஹொக்கி பிளேஓஃப் ஆட்டம் ஒன்றுக்குப் போனேன். தோற்கும் அணிக்கு அன்றோடு பருவம் முடிந்துவிடும். எங்கள் பகுதி அணியின் கோலி, அதாவது கோல் காப்பவள், நொய்கெல்ன் வட்டாரத்தில் நான் அரிசி வாங்கும் தமிழ்க் கடைக்காரரின் மகள். வயது இருபத்து நான்கு. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள்.

முதல் இரண்டு பகுதிகளிலும் எதிரணி அவளை நோக்கி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காலால் தடுத்தாள், கையுறையில் பிடித்தாள், ஒரு தடவை முகக்கவசத்தால் தட்டிவிட்டாள். இதற்கு என் செய்தியில் ஒரு வாக்கியம் கொடுத்தேன்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டாக இருந்தது. முடிய நான்கு நிமிடம் இருக்கையில் எங்கள் வீராங்கனை ஒருத்திக்குத் தண்டனை கிடைத்து, வெளியே போய் உட்கார்ந்தாள். அவளுடைய இலக்கத்தையும் நிமிடத்தையும் குறிப்பேட்டில் எழுதக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ரப்பர் வட்டு வலைக்குள் கிடந்தது. பக்கத்தில் இருந்த முதியவர், “ஹால்ட்பார்!” என்று கத்தினார். தடுத்திருக்கக்கூடிய கோல் என்று பொருள். ஜெர்மன் விளையாட்டுப் பக்கங்களில் பழியைக் கோலியின் தலையில் போட இந்த ஒரு சொல் போதும். அதையும் எழுதிக்கொண்டேன். எங்கள் அணி மூன்றுக்கு இரண்டாகத் தோற்றது; செய்தியிலும் அந்தச் சொல்லையே போட்டேன்.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. அலுவலகத்தில் அந்தச் சொல்லை உருவிப் படக்குறிப்பாகப் போட்டிருந்தார்கள். படத்தில் அவள் முழந்தாளிட்டிருக்கிறாள். அடியில் வேறெதுவும் இல்லை. ‘ஹால்ட்பார்.’

புதன்கிழமை மதியம் கடைக்குப் போனேன். காசு மேசைக்கு மேலே அந்தப் படம் ஒட்டப்பட்டிருந்தது.

“வாங்கோ தம்பி, வாங்கோ!” என்றார் கடைக்காரர். “முப்பது வருசமாய் இந்தச் சொல்லைப் பாக்கிறன். தயிர் வாளியிலை, இடியப்ப மாப் பையிலை, எல்லாத்திலையும் இருக்கு. இன்ன திகதி மட்டும் பழுதாகாது எண்டு போட்டிருப்பினம். என்ரை பிள்ளைக்குத் திகதியே போடேல்லை, பாத்தியளோ!”

அவர் சொன்னது தவறல்ல. பொதிகளில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். விளையாட்டுப் பக்கத்தை அவர் அதுவரை வாசித்ததில்லை.

மேசையில் சாய்ந்துகொண்டு ஒருவர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர், ஆண்கள் ஹொக்கி ஒன்றையும் தவறவிடாதவர். அவருக்குச் சொல்லின் மற்றப் பொருள் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓமண்ணை, பத்திரிகைக்காரர் பாத்துத்தான் சொல் போட்டிருக்கிறார். ஆனால் கோவிக்காதேங்கோ, மூண்டாவது பிடிக்கவேண்டிய கோல்.”

“நீர் அங்கை வந்தனீரோ?”

“இல்லை, வாசிச்சனான்.”

“நான் வந்தனான். முன்னுக்கு நிண்ட நாலு பேரும் என்ன, ஐஸ் பாக்க வந்தவையோ? பிள்ளை அவ்வளவத்தைப் பிடிச்சவ. அதை ஆர் எண்ணினது?”

“கோலிக்கு ரெண்டு வேலை, அண்ணை. ஒண்டு பிடிக்கிறது. மற்றது பேச்சு வாங்கிறது.”

“உம்மடை பஸ் பிந்தினால் சனம் உம்மைப் பேசுது. ரோட்டுக் கிண்டினவனை ஆரும் பேசுறானோ?”

“அதைத்தானே சொல்லுறன். ஆர் முன்னாலை இருக்கிறானோ அவன்தான் வாங்கிக் கட்டவேணும்.”

கடைக்காரர் என்னிடம் திரும்பினார். “தம்பி கண்ணாலை கண்டவர். அவர் சொல்லட்டும்.”

“ஆக்கள் மறைச்சவை எண்டு நினைக்கிறன்” என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது.

அந்த நேரம் மகள் வந்தாள். வேலையிடத்து வெள்ளை உடுப்பு, மதிய இடைவேளை. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அவளும் கூட வந்தாள்.

“அங்கிள், அந்தச் சொல்லுக்கு விளையாட்டிலை என்ன கருத்தெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. இப்பதான் முதல்முதலாய் மட்ச் பாக்க வந்தவர்.”

“சொல்லேல்லை.”

“அடுத்த பருவத்துக்கு ஆக்களைத் தெரிய வெள்ளிக்கிழமை ட்ரெய்னர்மார் கூடுகினம். டிரெஸ்டனிலை இருந்து ஒரு கோலி வாறா. முதல் கோலி ஒராள்தான். மற்றவ பருவம் முழுக்க விளையாடாமல் வாங்கிலை இருக்கவேண்டியதுதான். மூண்டாவது கோலை நீங்கள் கண்டனீங்களோ? எங்கடை ஆளே எனக்கு முன்னாலை நிண்டவ. வட்டு வந்ததை நான் காணவே இல்லை.”

“நானும் காணேல்லை. குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தனான்.”

“அப்ப ரெண்டு பேரும் காணேல்லை” என்றாள். “ஆனால் நீங்கள் எழுதிப்போட்டியள்.”

வீட்டுக்கு வந்ததும் அலுவலகத்துக்கு அழைத்தேன். பெயரைப் பிழையாக எழுதினால் திருத்தம் போடலாம், கருத்துக்குத் திருத்தம் போடுவதில்லை என்றார் பக்கப் பொறுப்பாளர். அது கருத்தல்ல, நான் பார்க்கவில்லை என்றேன். “எங்கள் செய்தியாளர் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றா போடுவது?” என்று கேட்டார். அப்படியே போடுங்கள் என்றேன். சிரித்துவிட்டு வைத்தார்.

வியாழன் காலை அணியின் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான் பார்க்காத ஒன்றை எழுதினேன் என்பதை நான்கு வரிகளில் சொன்னேன். சனிக்கிழமை பதில் வந்தது. பத்திரிகையை வைத்துத் தாங்கள் முடிவெடுப்பதில்லை; அடுத்த பருவத்துக்கு டிரெஸ்டன்காரியே முதல் கோலி; அக்கறைக்கு நன்றி. என் சொல் அந்த அறைக்குள் போனதா இல்லையா என்பதை அந்தக் கடிதத்திலிருந்து யாராலும் அறிய முடியாது. மூன்று முறை வாசித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்டார். “ஏன் தம்பி, பேப்பரிலை இவ்வளவு நல்லாய்ப் போட்டும் பிள்ளையைப் பின்னாலை தள்ளிப்போட்டாங்கள்?”

கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டிருந்தாள். ஆனால் அவர் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி நியாயம் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. சொன்னேன். அந்தச் சொல்லுக்கு விளையாட்டில் என்ன பொருள், அதை எழுதியது யார், எழுதியவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாவற்றையும்.

அவர் தயிர் வாளி ஒன்றைத் திருப்பி மூடியை வாசித்தார். பிறகு படத்தை மெல்ல உரித்தெடுத்தார். மரக்கறிப் பெட்டிகளின் கயிறு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, படத்துக்குக் கீழே நேராக வெட்டினார். படத்தைத் திரும்பவும் அதே இடத்தில் ஒட்டினார்.

வெட்டிய துண்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

“இந்தாங்கோ” என்றார். “இது உங்கடை.”