மாமனார் கேட்ட பேத்தி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உயிரியல் டீச்சர். என் கணவருக்கும் அங்கேதான் வேலை. போளூரில் மளிகைக்கடை வைத்திருந்த மாமனார், மாசி பிறந்தால் புளி வாங்க மலையேறி வருவார். வாங்கி முடிக்கும்வரை எங்கள் வீட்டில்தான் தங்குவார்.

அந்த வருஷம் அவர் வந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். அவருக்கு நான்கும் பையன்கள். மூத்த மருமகள்களும் பேரன்களாகவே பெற்றுத் தந்திருந்தார்கள். "இந்தத் தபாவாவது ஒரு பொண்ணு பொறக்கட்டும்மா. வூட்ல கொலுசு சத்தம் கேக்கணும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, அன்று வகுப்பில் நடத்தியதைச் சொன்னேன். பல ஆமைகள் முட்டையிடும்போது அதற்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவாகியிருக்காது. புதைந்திருக்கும் மணல் சூடாக இருந்தால் குஞ்சு பெண்ணாகும். குளுமையாக இருந்தால் ஆணாகும்.

பிசைந்த கை அப்படியே நின்றது. "சூடு பட்டா பொண்ணா?"

"ஆமாங்க மாமா. ஆமைக்கு."

அந்தக் கடைசிச் சொல் அவர் காதில் விழவேயில்லை. மறுநாள் விடிந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார். "டேய், இந்தக் குளிர்ல இந்தப் பொண்ண வெச்சிகினு இன்னாடா பண்றே? திருப்பத்தூர்ல அவங்கம்மா வூட்ல கொண்டுபோய் வுடு. அங்கதான் வெயிலு நல்லா காயுது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரை உட்காரவைத்துச் சொன்னேன். "வெளிய வெயிலடிச்சாலும் பனி பெஞ்சாலும் வயித்துக்குள்ள சூடு மாறாதுங்க. மனுஷங்களுக்குக் கரு உண்டாகும்போதே முடிவாயிடும். அம்மா குடுக்கிறது ஒரே வகை. அப்பா கிட்டதான் ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை இருக்கு. எது போய்ச் சேருதோ, அதான் குழந்தை."

"அப்போ எனக்குப் பொண்ணு பொறக்காதது..."

"உங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதாங்க மாமா."

"அடடா. உங்க அத்தைய இத்தினி வருஷமா அதச் சொல்லியே கிண்டல் பண்ணிகினு கீறேனே." தலையைச் சொறிந்தார். திடீரென்று, "கோழிக்கு?" என்றார்.

"கோழிக்குப் பெட்டை குடுக்கிறதுதாங்க."

"சேவலு தப்பிச்சிது போ" என்று எழுந்து போனார்.

ஏழாம் மாதம் வளையல் போட வந்த மாமியார் என் காதருகே குனிந்தார். "உங்க மாமா எங்கிட்ட மாப்பு கேட்டாரும்மா. இன்னாத்துக்குன்னா, ஆமைங்குறாரு, மணலுங்குறாரு. ஒண்ணும் புரியல. ஆனா ஒரு பொடவ எடுத்துக் குடுத்தாரு."

கத்திரி வெயிலில் திருப்பத்தூர் போனேன். ஆனியில் குழந்தை பிறந்தது. பையன்.

முதல் பஸ்ஸிலேயே மாமனார் வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. குழந்தையை வாங்கி உற்றுப் பார்த்தார். "நீயும் வந்துட்டியா? வாடா ராஜா" என்று மடியில் போட்டுக்கொண்டவர், கிளம்பும் வரை கீழே விடவில்லை.

முடி வளர்ந்ததும் பிள்ளையைப் போளூர் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போனார். பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, தலையில் கனகாம்பரம் சூட்டி ஒரு போட்டோ. அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். சாமான் வாங்க வருகிறவர்கள் "பேத்தியா?" என்றால் "ஆமா" என்பார்.

என் மகன் போளூரில் ஹைஸ்கூல் போன பிறகு, சிநேகிதர்கள் கூட வந்தால் அந்தக் கடைத்தெரு வழியாக வரவே மாட்டான்.