விஜயதசமியின் முதல் பில்

நடந்தது இந்த வரிசையில்:

1. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, தி. நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் சர்வரில், அதாவது பில் கணக்கெல்லாம் இருக்கும் தலைமைக் கம்ப்யூட்டரில், வெளியாள் நுழையக்கூடிய வழிகளை எல்லாம் அடைத்தேன்.
2. பூஜையன்று நான் மயிலாப்பூரில் வீட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். கடையில் கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.
3. விஜயதசமி காலை, எந்தக் கவுன்டரிலும் பில் திறக்கவில்லை.
4. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எதையும் எண் போட்டு யோசிப்பது என் பழக்கம். ஐந்தாவதாக என்ன எழுதுவது என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கடையில் சர்வரும் பில் கவுன்டர்களும் ஒரே கறுப்பு வயரில் கோக்கப்பட்டிருந்தன. சர்வரில் ஓடியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து நான்தான் போட்டேன். கடையின் முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. "நீ சொன்னா சரி" என்று ஒரே வரியில் சம்மதித்தார். அவருடைய மாப்பிள்ளைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஓசியில் வந்த சாமானை நம்பித் தீபாவளி வியாபாரம் செய்வதா என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் முதல் பில் வந்துவிட்டால் லினக்ஸ் இருக்கட்டும். வராவிட்டால் முன்பு இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுவிடுவார். அவர்கள் வந்தால் தங்கள் ஆளையும் கூட்டி வருவார்கள், என் நாற்காலி போய்விடும். கஞ்சி மணக்கும் புடவைக் கோடவுனுக்குப் பின்னால் இருந்த அந்த நாற்காலிதான் என் முதல் வேலை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் பில் வழக்கமாக அண்ணாச்சியின் மனைவி பெயரில் ஒரு மஞ்சள் புடவைக்குப் போடுவார்கள். அந்த அம்மா பட்டுடுத்தி, புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் காத்திருந்தார். நல்ல நேரம் தொடங்கிவிட்டது.

"ஓசி இன்னிக்கு லீவா?" என்றார் மாப்பிள்ளை.

பூஜைக்கு முந்தின மாலை நான் போட்ட பூட்டு நம் ஆட்களையே வெளியே தள்ளிவிட்டதோ என்பதுதான் என் முதல் சந்தேகம். அந்தப் பூட்டு, சர்வருக்குள் வர அனுமதி கேட்பவரைத்தான் தடுக்கும். வெறுமனே 'இருக்கிறாயா' என்று குரல் கொடுத்தால் பதில் வர வேண்டும். அப்படிக் குரல் கொடுக்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். சர்வர் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டது. கவுன்டர்களிலிருந்து ஒரு பதிலும் இல்லை. நெட்வொர்க் கார்டின் கணக்கைத் திறந்தால் வயரில் சிக்னல்கள் முட்டிக்கொண்ட மோதல் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

எனக்கு உடம்பு லேசானது. பூட்டும் இல்லை, லினக்ஸும் இல்லை. கோளாறு வயரில்.

புதுப் பாவாடை தாவணியோடு மேஜைகளுக்கு அடியில் புகுந்து, வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கடைசிக் கவுன்டரில் வயரின் முனை மொட்டையாக நின்றது. அந்த மாதிரி வயருக்கு இரு முனையிலும் விரல்நுனி அளவு உலோக மூடி ஒன்று இருக்க வேண்டும். போன சிக்னலை அது அங்கேயே அடக்கிவிடும். மூடி இல்லையென்றால் சிக்னல் முட்டித் திரும்பி வந்து மற்றதோடு மோதும், மொத்த வரிசையும் ஊமையாகிவிடும். மறுமுனைக்கு ஓடினேன். அங்கேயும் மொட்டை.

மூடிகள் எங்கே என்று கேட்டேன். பில் போடும் அக்கா, ஆதம்பாக்கத்திலிருந்து வருகிறவர், கொஞ்சமும் பதறாமல் சாமி படத்தைக் காட்டினார். கத்தரிக்கோல், அளவுகோல், பில் புத்தகம் எல்லாம் வைத்த பூஜைத் தட்டில், புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு, நெற்றியில் குங்குமத்தோடு, இரண்டு மூடிகளும் உட்கார்ந்திருந்தன.

"இன்னாம்மா அப்டி பாக்குற? எல்லா சாமானும் தட்டுல கீது, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணும் இல்லன்னா எப்டி? பொட்டியத் தூக்கி வெக்க முடியுமா? இது ரெண்டுதான் கையோட கழண்டு வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. கையை நீட்டினேன். மாப்பிள்ளை தடுத்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது என்றார். பூஜை செய்ய வேண்டிய ஐயரோ வரிசையாகக் கடைகளை முடித்துக்கொண்டு இன்னும் தேனாம்பேட்டையில் இருந்தார். அவர் வருவதற்குள் நல்ல நேரம் போய்விடும்.

அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "தாயி, அந்த ரெண்டும் போட்டா பில்லு வரும்லா?"

"வரும் அண்ணாச்சி."

"ஐயர் வரட்டும் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"கடை நம்ம கடை, கற்பூரமும் நம்ம கற்பூரம். எடும்மா தீப்பெட்டிய."

அண்ணாச்சியே கற்பூரம் காட்டினார். மூடிகளை எடுத்துப் பிரசாதம் மாதிரி என் கையில் வைத்தார். கை தானாகவே அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. உள்ளே ஒட்டியிருந்த சந்தனத்தை நன்றாகத் துடைத்து இரு முனையிலும் திருகினேன்.

திரையில் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கின. அக்கா மஞ்சள் புடவையின் எண்ணைத் தட்டினார். பிரிண்டர் கீச்சிட்டபடி முதல் பில்லைத் துப்பியது. ஸ்டூலில் இருந்த அம்மா அதைக் கிழித்து என்னிடமே கொடுத்து, எழுத்தெல்லாம் நன்றாக வந்திருக்கிறதா பார் என்றார். நன்றாக வந்திருந்தது. மாப்பிள்ளை அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டு, எல்லாருக்கும் காபி சொல்லி அனுப்பினார். அக்கா தனக்கு ஸ்ட்ராங்காக வேண்டும் என்றார், மூடியைத் தேய்த்தது அவர்தானாம்.

இப்போதைய நிலவரம்: தீபாவளி முடிந்தது, பொங்கலும் முடிந்தது. சர்வரில் லினக்ஸே ஓடுகிறது. பூஜைக்கு முந்தின மாலை அடைத்த வழிகள் அடைத்தபடியே இருக்கின்றன. அடையாறில் திறக்கப்போகும் கிளைக்கும் லினக்ஸையே போடச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை. அடுத்த மாதம் வயர் இழுக்கிறோம்.