அடுக்களைக் குழாய்

ஊர்த் தண்ணீரை ஆய்வுக்கு எடுப்பது அவர் வீட்டு அடுக்களைக் குழாயில்தான். ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டாருக்கும் அவரே பொறுப்பாளர். பிளீச்சிங் பவுடர் பட்டுப் பட்டு அவருடைய சட்டைகளெல்லாம் வெளுத்துப் புள்ளி விழுந்திருக்கும். ஊரார் ‘குளோரின்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதைக் கேலியாக எண்ணவில்லை, பட்டமாகவே வைத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெருக் குழாயிலிருந்துதான் மாதிரி எடுத்தார். நாய் நக்கும் குழாய் அது. கிருமி இருப்பதாக ஆய்வகம் எழுதியது. பொறியாளர் அவரை நிற்கவைத்துக் காய்ச்சினார்.

“சுத்தமான குழாயாப் பாத்து எடுய்யா. குழாயோட அழுக்கைத் தண்ணி தலையில எழுதுறதா?”

அதில் நியாயம் இருந்தது. தொட்டிக்கு எதிரிலிருந்த தம் வீட்டுக் குழாயைவிடச் சுத்தமான குழாய் அவருக்குத் தெரியாது. அதன் வாயைத் துடைத்து, நெருப்புக் காட்டி, சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே சீசாவைப் பிடிப்பார். அன்று முதல் ஒரு மாதிரிகூடத் தவறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஊர் முழுவதற்கும் கிடைத்த நற்சான்று, அவர் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு உரியது, அவ்வளவுதான்.

அவருடைய அக்காள், குழாய் முடியும் கடைசித் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் தையற்காரர். ஒருநாள் அவள் தம்பியைக் கடைவீதியில் மறித்துக்கொண்டாள்.

“எங்க தெருத் தண்ணியில ஒரு வாடை வருதுடா. ஒரு தடவை வந்து பாரேன்.”

“ரிசல்ட்டு நல்லாத்தானே வந்திருக்கு, அக்கா.”

“நான் ரிசல்ட்டையா குடிக்கிறேன்?”

“குடத்தை நல்லாக் கழுவு.”

“கழுவிக் கழுவி என் கைதான் தேயுது. மச்சினன் தண்ணி விடுறானா, சாக்கடை விடுறானான்னு உன் மாமா கேக்குறாரு.”

“என்னைக் கிண்டல் பண்ணாட்டி மாமாவுக்கு ஊசியில நூல் கோக்க வராது.”

இருவரும் சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். அவர் போய்ப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் தையற்காரர் படுத்தார். முதலில் வாந்தி, பிறகு காய்ச்சல், கண்கள் மஞ்சளாயின. தண்ணீர் எப்படி என்று மருத்துவர் கேட்டார். “என் தம்பிதாங்க தண்ணி விடுறான். நல்ல தண்ணியாம்” என்றாள் அக்காள். தையற்காரர் எழுந்திருக்கவேயில்லை.

அடக்கம் முடிந்த பிறகே தம்பி சோதனைக் குப்பியோடு அந்த வீட்டுக்குப் போனார். குளோரின் இருந்தால், சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். குப்பியிலிருந்த தண்ணீர் நிறம் மாறவில்லை. கதவோரமாக நின்ற அக்காள் கேட்டாள்.

“மஞ்சளாகணுமா?”

“ஆமாக்கா.”

“அவரு கண்ணு ஆச்சே. அப்பவே வந்திருக்கலாமே.”

அவர் அந்தக் குழாயையும் துடைத்து, நெருப்புக் காட்டி, சீசாவை நிரப்பி ஆய்வகத்துக்குத் தாமே கொண்டுபோனார். கிருமி இருந்தது. சாக்கடைக்குள் கிடந்த குழாய் விரிசல் கண்டிருந்தது.

“உன் வீட்டுக் குழாய்தான்யா சாம்பிள் எடுக்குற இடம்” என்றார் பொறியாளர். “இது செல்லாது.”

“ஆள் செத்துட்டாரு சார்.”

“வருத்தந்தான். அந்தக் குழாயை மாத்திடுவோம்.”

“சாம்பிள் எடுக்குற இடத்தையும் மாத்துங்க.”

“மாத்தினா, இத்தனை வருஷமா ஏன் அங்கேயே எடுத்தீங்கன்னு மேல கேப்பாங்க. யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?”

“சொல்றேன் சார்.”

அவருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அனுமதியின்றி மாதிரி எடுத்ததாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கடைசித் தெருவில் விரிசலைச் சுற்றி ரப்பரை வைத்துக் கட்டி, மண்ணைப் போட்டு மூடினார்கள்.

மாதம் பிறந்ததும் புதிய பொறுப்பாளர் சீசாவோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுக்களையில் குழாய் இல்லை. அவரே கழற்றி, சுவரில் மரக்கட்டையை அடித்து அடைத்திருந்தார்.

“என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“கடைசித் தெருவுக்குப் போய் எடு, தம்பி.”

புதியவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டம்மாள் மகிழ்ச்சியோடு குழாயைத் துலக்கிக் கொடுத்தாள். அந்த மாதமும் நல்ல தண்ணீர் என்றே சான்று வந்தது.

கடைசித் தெருவில் அக்காள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாள். ஓர் ஆளுக்குச் சிறிய பாத்திரம் போதும்.