அறுபது பக்க மௌனம்

வாரத்தில் ஐந்து நாள் கல்லூரியில் இசைப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை நகர பேண்டில் யூஃபோனியம். குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல். முப்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. வாசிக்கும்போது கண் பாதி மூடிக்கொள்ளும். சுவரெல்லாம் விலகி அறையே மிதக்கும் என்பார்.

அவருடைய ஆராய்ச்சி முழுக்க ஒரு பழைய அணிவகுப்பு இசையைப் பற்றியது. எல்லா வாத்தியமும் முழங்கிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இரண்டு எண்ணிக்கைக்கு மொத்தமும் நின்றுபோகும். மகளைப் பறிகொடுத்த இசையமைப்பாளரின் துக்கம் அது என்று ஆறாவது அத்தியாயத்தில் அறுபது பக்கம் எழுதியிருந்தார். புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. தன் பெயர் சொல்ல அது ஒன்றுதான் என்று நம்பினார்.

மேடையில் உட்கார்ந்து வாசித்தே பழகியவர். சக யூஃபோனியக்காரர் காலை உடைத்துக்கொண்டதால், அந்த ஞாயிறு முதல்முறையாகத் தெருவில் நடந்து வாசித்தார். நடப்பவர்களுக்கு ஸ்டாண்ட் கிடையாது. உள்ளங்கை அகல அட்டையில் இசைக்குறிப்பு. அதை வாத்தியத்திலேயே கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள்.

மழை விட்டிருந்தது. ஈரத் தாரில் பொன்னிற வாத்தியங்கள் தலைகீழாக நடந்தன. அவரும் தூக்கத்தில் நடப்பவர்போல நடந்தார். அதே அணிவகுப்பு இசைதான். அந்த இரண்டு எண்ணிக்கை மௌனம் வந்தது. கண்ணை மூடி நின்றுவிட்டார். பெரிய டிரம் முதுகில் இடித்தது.

"சார், தூங்கிட்டீங்களா? அட்டையத் திருப்புங்க."

திரும்பிப் பார்த்தார். வரிசை முழுக்க எல்லார் கையும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா அட்டையும் மறுபக்கம் புரண்டிருந்தது.

ஊர்வலம் முடிந்ததும் டிரம்காரரைப் பிடித்தார். வார நாளில் அவர் தையற்காரர்.

"அந்த எடத்துல எல்லாருமே திருப்புறீங்களா?"

"பின்ன? திருப்பத்தானே சார் அந்த எடத்தையே விட்டிருக்கு. ஊதிக்கிட்டே திருப்ப மூணாவது கையா இருக்கு?"

"முப்பது வருஷமா யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

வீட்டில் மனைவி முழுக்கதையையும் கேட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

"விடுங்க. படிக்கிறவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

திங்கட்கிழமை பதிப்பாளருக்குப் போன் செய்தார். "ஆறாவது அத்தியாயத்த எடுத்துடுங்க."

"சார், அத எடுத்தா புக்குல அட்டைதான் மிஞ்சும்."

"வேற எழுதித் தரேன்."

"எப்போ?"

"இன்னும் கொஞ்ச நாள் நடக்கணும். நடந்துட்டுச் சொல்றேன்."