மேனேஜர் சார் நம்பிய ரப்பர்

புதிதாக வந்த ரப்பர் லைனரை மேனேஜர் சார் மேஜைமேல் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினார். விரலை எடுத்ததும் குழி தானாக நிமிர்ந்துகொண்டது. "பாருமா, கொழந்த கன்னம் மாதிரி இருக்குது. இத கல்லு என்னா பண்ணிடும்?" என்று சிரித்தார். அவர் சிரித்தால் எதிரே நிற்பவர்களும் சிரித்துவிடுவார்கள், அப்படி ஒரு முகம். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் அவர் மகன் ஃபோன் செய்தான். "அப்பாவோட மொதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு மலர் போடறோம்கா. நீங்க அவரோட ரொம்ப நாள் வேல செஞ்சிருக்கீங்க, நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க." பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். நல்லதாக நாலு வரி வரவில்லை, இதுதான் வந்தது. அவன் இதைப் போடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த நான் வாலாஜாபாத் பக்கம் ஒரு எம்சாண்ட் ஆலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தேன். கருங்கல்லை உடைத்து மணலாக்கித் தண்ணீர்விட்டு அலசுகிற ஆலை. அலசிய தண்ணீர் கல்மாவும் குருணையுமாகக் குழம்பி ஒரு தொட்டியில் இறங்கும். அதைப் பம்பு வைத்து, மேட்டில் இருந்த பழைய குவாரிக் குழிக்கு ஏற்ற வேண்டும். பம்பு சோர்ந்தால் தொட்டி வழியும், வழிந்தால் சரிவைப் பார்த்து ஓடும். சரிவில் முதலில் இருந்தது என் அத்தையின் நெல் வயல். அப்பாவின் அக்கா. கணவர் போனபிறகு அந்த நிலத்தை வைத்துத் தானும் பிழைத்து, எங்கள் வீட்டு உலையிலும் அரிசி போட்டவள்.

பம்புக்குள் சுழல்கிற சக்கரத்துக்கு முன்னால், குழம்பு உள்ளே நுழைகிற வாய்ப் பக்கத்தில், தடித்த தட்டு ஒன்று இருக்கும். நடுவில் ஓட்டை. அதுதான் லைனர். வருகிற கல் எல்லாம் அதன்மேல்தான் உரசும். அது தேய்ந்துவிட்டால் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்து, மேலே ஏற வேண்டிய குழம்பு பம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பரிலும் லைனர் உண்டு, குரோமியம் கலந்த வார்ப்பிரும்பிலும் உண்டு. நைசான சேற்றுக்கு ரப்பர் அருமையானது. உடைத்த கருங்கல் குருணையோ ஒவ்வொன்றும் ஒரு பிளேடு, ரப்பரை அறுத்துத் தள்ளிவிடும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. பம்பு விற்க வந்தவரே, "இந்த எடத்துக்கு இரும்புதான் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மேனேஜர் சார் கேட்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம் அவருடையது. எங்களிடம் வருவதற்கு முன் பட்டுக்குச் சாயம் போடுகிற பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். "அங்க நான் போட்ட ரப்பரு, எம் பையன் ஸ்கூல் முடிச்சி காலேஜும் முடிச்சிட்டான், அப்பிடியே ஓடிக்கினு இருந்துதுமா. நான் பாக்காத பம்பா?" என்பார். சாயக் கழிவு கஞ்சி மாதிரி வருகிறது சார், இது கல் என்றேன். "சேறுன்னா சேறுதாம்மா" என்றார். கமிஷன் வாங்குகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி, திருடன் என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அடுத்தவர் வாங்கிக்கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்காத மனிதர். தான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்ததேயில்லை.

முதல் ரப்பர் கிழிந்து, அதன் நாக்கு ஒன்று தொங்கிப் பம்பின் வாயை அடைத்துக்கொண்டது. தொட்டி வழிந்தது. அத்தையின் வயலில் அப்போது கதிர் பால்பிடித்து நின்றது. செய்தி வந்ததும் மேனேஜர் சார்தான் முதலில் ஓடினார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆட்களை அனுப்பி வழித்துப் போடச் சொன்னார். எல்லாம் செய்துவிட்டு அலுவலகம் வந்து, இன்னும் தடிப்பான ரப்பர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அது வந்ததும் குங்குமம் வைத்து மாட்டினார். அதுவும் கிழிந்தது. கல் உள்ளே போவதுதான் காரணம் என்று தொட்டியில் வலை கட்டினார். வலை அடைத்துக்கொண்டு, பம்பு ஓடும்போதே தொட்டி வழிந்தது. முதலாளி சென்னையில் இருந்தார். ஃபோனில் சொல்லிப் பார்த்தேன். "மேனேஜர் பாத்துப்பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

கல்மாவு வயலில் படிந்து காய்ந்தால் சிமென்ட் தரைதான். ஏர் இறங்காது, தண்ணீர் இறங்காது, விதைத்தால் முளை மேலே வராது. அத்தை மண்வெட்டியால் கொத்திப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ரப்பர், இரும்பு என்று நான் வீட்டில் வாயைத் திறந்தாலே, "வேல செய்யற எடத்துல சண்ட போடாதடி. இருக்கிற சோத்துலயும் மண்ணப் போட்டுக்காத" என்று அடக்கிவிடுவாள்.

பங்குனித் திருவிழாவுக்கு மேனேஜர் சார் லீவு எடுத்துக்கொண்டு போனார். பம்புக்காரரிடம் கெஞ்சி, சோதனைக்கு என்று ஒரு இரும்பு லைனர் வாங்கி மாட்டினேன். திருவிழா முடியும்வரை தொட்டி வழியவில்லை. ஒரு சொட்டு வழியவில்லை. அத்தைகூட வாசலில் என்னைப் பார்த்து, "இப்பல்லாம் தண்ணி வர்ல, புள்ளையாரு கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள். மேனேஜர் சார் திரும்பி வந்தார். பம்பின் பக்கத்தில் நின்று காதுகொடுத்துக் கேட்டார். இரும்பில் கல் அடிக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும். "இன்னாமா இது, தகர டப்பால கல்லப் போட்டு குலுக்கற மாதிரி கத்துது? பம்ப சாவடிச்சிடுவ போல இருக்குதே!" என்றார். எவ்வளவோ சொன்னேன். தொட்டியைப் பாருங்கள், வயலைப் பாருங்கள் என்றேன். அவர் காதைத்தான் நம்பினார். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு, ஒழுங்காக வேலை செய்கிற பம்பின் சத்தம் பொறுக்கவில்லை. அன்றைக்கே கழற்றவைத்து ரப்பரை மாட்டினார்.

அடுத்த நடவுக்குள் அத்தை நிலத்தை ஆலைக்கே எழுதிக்கொடுத்துவிட்டாள். பதிவு அலுவலகத்துக்கு மேனேஜர் சார் தட்டில் பழமும் பட்டுப்புடவையும் கொண்டுவந்தார். அவர் வீட்டுத் தறியில் நெய்தது. இப்போது அந்த நிலத்தை வெட்டிக் குழியாக்கிவிட்டார்கள். குழம்பு சரிவில் தானாக இறங்கி அதில் விழுகிறது. ஏற்றுவதற்குப் பம்பே வேண்டாம். ரப்பரா இரும்பா என்ற கேள்வியும் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டேன்.

மேனேஜர் சார் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் அத்தை அழுதாள். காரியத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேறு வழியில்லாமல் கூடப் போனேன். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள்.

"பாவம்டி, நல்ல மனுசன். சேத்துல எறங்கி வந்து என் கையப் புடிச்சிக்கினாரு. அவரு இன்னா பண்ணுவாரு, மிசினு அப்பிடி" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மிசினு அப்பிடி இல்ல அத்தே" என்று ஆரம்பித்து, அந்தத் திருவிழாச் சமயத்தில் என்ன நடந்தது என்பதைச் சொன்னேன்.

"அப்ப வழியாம இருந்தது அந்த இரும்பாலயா?"

"ஆமா."

"அது போட்டே இருந்தா நெலம் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் அத்தே."

"அப்பறம் ஏன் கழட்டுனாரு?"

"சத்தமா இருக்குதுன்னு."

சோற்றுக் கூடையோடு பரிமாறுகிறவர் பக்கத்து இலைக்கு வந்துவிட்டார். அதற்குள் அத்தை சோறு விழாத இலையை மடித்து மூடிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேனேஜர் சாரின் மகன் பதறி ஓடிவந்தான். "இன்னா பெரிம்மா, சாப்புடாம எழுந்துட்டீங்க? இன்னா ஆச்சி?"

"சத்தமா இருந்துச்சாம்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அத்தை செருப்பைத் தேடி வாசலுக்கு நடந்தாள்.