ஓனரம்மாவின் கிரானைட் கல்

சால்டரிங் புகையும் கொதிக்கிற ரசமும் கலந்து ஒரு வாசனை வரும்... கல்யாணமான புதிதில், ஸ்ரீராம்புரம் வீட்டில், என் ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை அதுதான்.

2005 வாக்கில் இருக்கும். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கேஸ் கனெக்‌ஷன் இன்னும் வராததால், கீழே ஓனரம்மாவின் கிச்சனில்தான் என் சமையலும்.

என் கணவர் பாஸ்கருக்கு ஒரு பைத்தியம். கல், மண், உப்பு என்று எல்லாவற்றிலும் இயற்கையாகவே துளியூண்டு ரேடியேஷன் இருக்குமாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எஸ்.பி. ரோடு பழைய சாமான் கடைகளில் அலைந்து, ரேடியேஷன் பட்டால் மினுங்கும் ஒரு படிகமும், அந்த மினுக்கத்தைப் பிடிக்கும் ஒரு கண்ணாடிக் குழாயும் வாங்கி வந்தார். வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

கம்ப்யூட்டரில் இணைத்தால் திரையில் புள்ளி புள்ளியாக விழும்... மணிக்கணக்கில் காத்திருந்தால் புள்ளிகள் சேர்ந்து ஒரு கூம்பு எழும்பும். கூம்பு எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்து, உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடுவார். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு பொறுமை. மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

அந்தச் சமயம் ஓனரம்மா, தன் மகள் மஞ்சு பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று வீட்டையே புதுப்பித்துக்கொண்டிருந்தார். கிச்சனுக்குப் புது கிரானைட் மேடை. இவர் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு மதியம் முழுக்க அந்தக் கல்மேல் கருவியை வைத்தார். அழகாக இரண்டு கூம்பு வந்தது. சந்தோஷம் தாங்காமல் நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

"உங்க கல்லுல தோரியம் இருக்கும்மா. ரேடியேஷன் சூப்பரா வருது."

பயப்பட வேண்டிய அளவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, பாருங்கள்...

ஓனரம்மா முகம் வெளுத்துவிட்டது. "மாசமா இருக்கற பொண்ணு வர்ற வூடுப்பா இது. நாளைக்கே கல்லை ஒடச்சிப் போடறேன். நீங்களும் வேற வூடு பாத்துக்கங்க."

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்மா. செவுத்துல இருக்கு, நம்ம ஒடம்புலகூட இருக்கு" என்றார் இவர். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையானது.

"சும்னே சுத்தி வளைக்காதே. உன் பொண்டாட்டி மாசமா இருந்தா, இந்தக் கல்லுகிட்ட நிக்க வுடுவியா?"

இவர் என்னைப் பார்த்தார். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று என் அம்மா சொல்லியிருந்தார்.

"அவளும் மாசமாத்தாம்மா இருக்கா. டெய்லி அங்கதான் நின்னு சமைக்கிறா."

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, என்கிட்ட சொல்ல மாட்டியா? இத்தினி நாளா வாந்தியை அடக்கிக்கினு என் எதுர்லயே சமைச்சினு இருந்தியா?"

அன்று வாங்கிய திட்டு இருக்கிறதே... அம்மாவிடம்கூட அப்படி வாங்கியதில்லை. உடனே உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. கல்லைப் பற்றியோ காலி செய்வதைப் பற்றியோ அப்புறம் பேச்சே எழவில்லை. மஞ்சு வந்த பிறகு அந்த மேடையில் மாங்காய் நறுக்கி இருவரும் சேர்ந்து தின்றோம்.

இப்போது வைட்ஃபீல்டில் அபார்ட்மென்ட். உள்ளங்கை அளவில் கருவி வந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் போனிலேயே கிராஃப் தெரிகிறது. போன மாதம் லாபியில் புதிதாகப் போட்ட கிரானைட்டை இவர் ஆசை ஆசையாக அளந்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். படியேறி வந்து சண்டை போட ஒருத்தர்கூட இல்லை. அன்று முழுக்க இவர் காலிங் பெல் அடிக்குமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.