அம்மாவின் படிக்கிற மெஷின்

கடல் ஏறி வந்துபோனதற்கு மறுவருடம் நான் கோட்டக்குப்பத்தில் ஒரு டிடிபி கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காதுகுத்து பேனர், இதுதான் வேலை. முதலாளி துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த ஒரு பாய். தங்கமான மனிதர்தான். ஆனால் அடிக்கடி ஏதாவது புதுத் தொழிலை யோசிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அவருடைய மச்சான் துபாயிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தார். உள்ளே சிலேட்டு மாதிரி, ஆனால் சிலேட்டைவிடச் சின்னதாக, கறுப்பு கறுப்பாகச் சில மெஷின்கள் இருந்தன.

"ஏம்மா, இது இன்னான்னு தெரியுமா? புக்கு படிக்கிற மெஷின். ஒரு லைப்ரரியே இதுக்குள்ள அடங்கிடும். இன்னும் கொஞ்ச வருஷத்துல எவன் கையிலயும் காகிதம் இருக்காது, பாத்துக்க" என்றார் பாய்.

காகிதம் இல்லாவிட்டால் இந்தக் கடை எதற்கு, கடையில் நான் எதற்கு? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். போவதுதான் மெதுவாகப் போகும்.

பாய் கணக்குப் போட்டது வேறு மாதிரி. கோட்டக்குப்பத்திலும் கூனிமேட்டிலும் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் அரபு நாட்டில் இருக்கிறார்கள். ஃபாரின் சாமான் என்றால் வாங்கிப் பழகிய ஊர். இது பிய்த்துக்கொண்டு போகும் என்று நம்பினார். கண்ணாடி அலமாரியில், விற்பனைக்கு வைத்திருந்த செல்போன்களுக்கு நடுவில் மெஷின்களை வரிசையாக நிறுத்தி, "எதிர்காலம் உங்கள் கையில்" என்று என்னை விட்டே ஒரு போர்டு அடிக்க வைத்தார்.

வந்தவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதுல பேசலாமா பாய்?" என்று கேட்டார்கள். "பேச முடியாது, படிக்கலாம்" என்பார் பாய். "படம் தெரியுமா?" "போட்டோ தெரியும். ஆனா இது படிக்கறதுக்கு." "அப்படியா" என்று மரியாதையாக வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் செல்போனை விசாரிப்பார்கள். கூனிமேட்டிலிருந்து வந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் மட்டும் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "தமிழ் வருமா?" என்று கேட்டார். "வந்துடும் சார், கம்பெனிக்காரன் போட்டுக்கினே இருக்கான்" என்றார் பாய். அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பதை நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையை உள்ளே ஏற்றிப் பார்த்தேன். மணமகனும் மணமகளும் வெறும் கட்டங்களாக வந்து நின்றார்கள்.

அலமாரியில் இருந்த மெஷினை அதற்குப் பிறகும் நான் மறுபடி எடுத்து நோண்டியதற்குக் காரணம் என் அம்மா. மரக்காணத்தில் எங்கள் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். அம்மா உப்பளத்தில் கூலி. கூடையில் உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள், மூட்டை தைப்பாள். எழுதப் படிக்கத் தெரியாமல்தான் கல்யாணமாகி வந்தாள். எங்கள் தெருவில் முதியோர் வகுப்பு ஆரம்பித்தபோது, வேலை முடிந்து வந்து, காலில் உப்பு வெடிப்போடு போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். அவள் தனியாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் படித்த முதல் வரி, வருடக்கணக்காகத் தான் தைத்த மூட்டையின் மேல் இருந்த வரி. "கொக்கி போடாதீர்." அன்று வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"இத்தினி வருஷமா கொக்கி போட்டுத்தாண்டி இழுத்துக்கினு இருக்கோம். அது போடாதேன்னு எழுதிக்கினே இருந்திருக்குது!"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மளிகை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படிப்பாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றால் உயிர். உதடு அசைய, எழுத்து எழுத்தாகக் கூட்டி, சத்தமாகத்தான் படிக்க வரும். ஒரு பக்கம் முடிக்க ஒரு உலை கொதித்துவிடும். நான் அவசரப்பட்டு மீதியைச் சொன்னால் என்னை அடிக்க வருவாள்.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்து மங்கிவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டு மீதியைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றார். படிக்கலாமா என்றுதான் அம்மா கேட்டாள். எழுத்து பெரிதாக, கறுப்பின் மேல் வெள்ளையாக, வெளிச்சமாக இருந்தால் படிக்கலாம் என்றார் டாக்டர். அப்படி ஒரு புத்தகத்தை எவன் அச்சடிக்கிறான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகுதான் அலமாரியில் இருந்த மெஷின் ஞாபகத்துக்கு வந்தது.

பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விற்காத சாமான்தானே என்று சொல்லவில்லை. "அம்மாவுக்குன்னா எடுத்துக்கினு போம்மா" என்றார். எப்படியாவது எழுத்து வந்துவிடாதா என்று தொடர்கதையில் ஒரு பக்கத்தை ஏற்றி, வீட்டில் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அவள் கட்டங்களை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னாடி, நம்ம உப்பளத்துப் பாத்தி மாதிரி இருக்குது?"

எனக்கு அழுகை வந்தது. அவள் சிரித்தாள். மறுநாள் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. எழுத்து தெரியாத மெஷினுக்குப் போட்டோ தெரியும் அல்லவா? தொடர்கதையின் முதல் வாரத்தை எடுத்து, கறுப்பு பேனரில் அடிப்பது போல வெள்ளை எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலைந்து வார்த்தை மட்டும் வரும்படி பெரிதாக அடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு போட்டோவாக மாற்றி உள்ளே ஏற்றினேன். வந்தது. மெஷினுக்குத் தான் என்ன காட்டுகிறோம் என்று தெரியாது, ஆனால் காட்டியது.

அன்று சாயந்திரம் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி அமுக்கிப் படித்தாள். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "இன்னாக்கா, செல்போனா?" என்று ஒருத்தி கேட்டாள். "கதை" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். அந்த ஒரு வார்த்தையில் இருந்த தோரணையை எந்தக் கலெக்டரிடமும் நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தினமும் கடையில் வேலை ஒழிந்த நேரத்தில் கொஞ்சம் அடிப்பேன், சாயந்திரம் அவள் படிப்பாள். கதையில் ஒரு பெண். புருஷன் காணாமல் போய்விட, வேறு ஊருக்குப் போய்த் தனியாகப் பிழைக்கிறாள். ஒருநாள் அவள் வாசலில் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். அந்த இடத்தில் நான் அடித்தது தீர்ந்துபோனது. "யாருடி வந்திருக்கறது?" என்று அம்மாவே கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் "சொல்லாத, சொல்லாத" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

மெஷினைக் கொடுக்கும்போது பாய் ஒன்று சொல்லியிருந்தார். "உங்க ஊரு உப்புக் காத்துல ஜாக்கிரதை. சார்ஜ் போடற ஓட்டையில துரு ஏறிச்சின்னா அவ்ளோதான்." அதை நான் வந்து அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் இரும்பை யாரும் சும்மா விடுவதில்லை. பூட்டுக்கு எண்ணெய், கீலுக்கு எண்ணெய், சைக்கிள் செயினுக்கும் டிவி பிளக்குக்கும்கூட எண்ணெய். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்குப் போடும் கிரீஸ், சின்ன டப்பாவில் எல்லார் வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். எது ஒன்று உயிராக இருக்கிறதோ அதற்குத்தான் முதலில் தடவுவார்கள். என் அம்மா அந்த மெஷினை உயிராக வைத்திருந்தாள். ஒருநாள் நான் மெஷினை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கடைக்குப் போனதும், தீக்குச்சி முனையில் கிரீஸைத் தொட்டு, அந்த ஓட்டைக்குள் பொறுமையாக, உள்வரைக்கும் தடவி வைத்துவிட்டாள்.

நான் வந்து சார்ஜ் போட்டேன். ஒரு கருகல் வாசனை வந்தது. திரை ஒருமுறை வெளுத்து அணைந்துபோனது.

ஓட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா கிரீஸ் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். "துரு ஏறாதுன்னுதாண்டி" என்றாள். யாரைப் பார்த்துக் கத்துவது? எனக்குத் தெரிந்து அவள் எதையும் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பாயிடம் கொண்டுபோனேன். அவரே மற்ற மெஷின்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட விற்கவில்லை. "மச்சான் திருப்பிக் கொண்டு போறான்மா, இன்னிக்கிக் கிளம்பறான். அதே கம்பெனிக்காரனே வாங்கிக்கறேன்னான். உன்னுதையும் குடு, அங்க ரிப்பேர் பண்ணித் தர்றானான்னு பாக்கலாம், இன்ஷா அல்லா" என்றார். வேறு ஒன்று தரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. திருப்பி எடுப்பவன் எண்ணித்தான் எடுப்பான் என்று எனக்கும் தெரியும். "எதிர்காலம் உங்கள் கையில்" போர்டைக் கழற்றி, அதன் பின்பக்கம் "ரீசார்ஜ் செய்யப்படும்" என்று எழுதி மாட்டினோம்.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய எழுத்தில் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மெஷினில் எழுத்து தானாகவே எரியும், காகிதத்தில் எரியாது. அவளால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிக் கடைக்கே கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். திரையில் படிக்க முடிந்தது. சத்தமாக, எழுத்து எழுத்தாகக் கூட்டி ஆரம்பித்தாள். ரீசார்ஜ் செய்ய வந்து நின்ற இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா அதைப் பார்த்திருக்க முடியாது, ஆனால் கேட்டுவிட்டாள். "போதும், வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்துவிட்டாள். அந்த இரண்டு பேரையும் நான் திட்டிய திட்டில் பாய்க்கு இரண்டு வாடிக்கை போனது. அம்மா திரும்ப வரவே இல்லை.

கடைசியில் நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"வேணாண்டி. நீ படிச்சா நான் கேக்கறவதான். எனக்குக் கதை கேக்கறதுக்கு ஆள் இல்லாமலா இருந்திச்சி? மிஷின் வரட்டும்."

மெஷின் வருவேனா என்றது. ஒவ்வொரு தடவை மச்சான் போன் பேசும்போதும் பாய் எனக்காகக் கேட்பார். பார்ட்ஸ் இல்லை என்றார்கள், பிறகு வரும் என்றார்கள், பிறகு அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். துபாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத நான் யாரைப் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியும்? செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கதை முழுவதையும் அடித்து வைத்தேன். கதவைத் தட்டியது யார் என்பது வரைக்கும், அதற்குப் பிறகு முற்றும் வரைக்கும். பேனர் வேலைக்கு நடுவில், கண்ணீர் அஞ்சலிகளுக்கு நடுவில் அந்தப் பெண் வந்துகொண்டே இருந்தாள்.

அதற்குள் அம்மா உப்பளம் போவதை நிறுத்தியிருந்தாள். கால் வலி என்றாள். சொட்டு மருந்து தவறாமல் விட்டேன். இப்போ எப்படி இருக்குதும்மா என்று கேட்டால், "அப்படியேதாண்டி இருக்குது" என்பாள். சோறு வடித்தாள், வாசல் பெருக்கினாள், எனக்கு டப்பா கட்டிக்கொடுத்தாள். எல்லாம் கை பழகின வீடு. நான் நம்பினேன்.

மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்த சமயம், பாய் மேசை இழுப்பறையைத் திறந்து மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தார். "மச்சான் ரூம்ல ஒரு மலையாளி இருக்கான். அவன் வேற எதுலேந்தோ பார்ட்ஸ் எடுத்துப் போட்டுக் குடுத்தானாம். அல்லா பெரியவன்மா." நான் அங்கேயே ஆன் செய்து பார்த்தேன். எரிந்தது. முழுக் கதையையும் ஏற்றினேன். அன்று பாய் என்னை மத்தியானமே அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கூனிமேடு எப்போது போனது, மரக்காணம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எம்மா, இன்னா கொண்டாந்திருக்கேன் பாரு" என்று, கதவைத் தட்டுகிற பக்கத்தை எடுத்து, வெளிச்சத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி அவள் கையில் வைத்தேன். அவள் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தாள். மெஷினை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்த வெள்ளை எழுத்தின் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். உதடு அசையவில்லை. பிறகு, குழந்தை சத்தியம் செய்வது போல என் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சொன்னாள்:

"இனிமே சத்தியமா அந்த ஓட்டையில ஒண்ணும் தடவ மாட்டேண்டி. ஆன் பண்ணிக் குடு."